மூன்றாவது விளக்கு

மழைக்கு அன்று கொஞ்சமும் விவஸ்தை இல்லை. அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த வரைக்கும் சமர்த்தாக இருந்துவிட்டு, இறங்கிக் குடையை விரிப்பதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

ஒரு கையில் குடை. இன்னொரு கையில் இரண்டு பெயிண்ட் டப்பாக்கள் வைத்த பை. மனசு முழுக்கக் கோபம். 'இன்னைக்கு இவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடணும்' என்று முனகிக்கொண்டே அவள் பெயிண்ட் தொழிற்சாலையின் கேட்டுக்குள் ஓட... உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் தலையை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு வெளியே ஓடி வர...

டமால்!

குடை ஒரு பக்கம் பறந்தது. பை ஒரு பக்கம் விழுந்தது. ஒரு டப்பாவின் மூடி திறந்துகொண்டு, உள்ளே இருந்த சாம்பல் நிற பெயிண்ட் அவன் கோட்டில் கழுத்து முதல் பாக்கெட் வரை வழிந்தது.

"கண்ணு தெரியல?" என்றாள் அவள்.

"அதை நான்தானே கேக்கணும்?" என்றான் அவன்.

அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். இமைகளில் மழைத்துளி தொங்க, திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். கத்தப் போகிறான் என்று நினைத்தாள். கத்தவில்லை. கோட்டின் நுனியை விரலால் தூக்கிப் பிடித்து, மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து, இன்னொரு உள்ளங்கையால் மெல்ல வீசி வாசனை பார்த்தான்.

"எங்க சரக்குதான்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு! கொட்டுகிற மழையில், கோபத்தை எல்லாம் மறந்து, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"நீங்க கெமிஸ்ட்ரியா?"

"எப்படித் தெரியும்?"

"நேரா மூக்கை வைக்காம இப்படிக் கையால வீசி மோந்து பாக்கறது நாங்க மட்டும்தான். எங்க வீட்டுல நான் குழம்பைக்கூட இப்படித்தான் பாப்பேன். அம்மா கரண்டியாலயே அடிக்க வருவாங்க."

"நாங்களா?" என்றான் அவன். கண்ணில் சின்னதாய் ஒரு குறும்பு. "அப்போ நீங்களும் அதே கேஸ்தானா?"

அந்தக் கண்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். ஆனால் வந்த வேலை நினைவுக்கு வந்து தொலைத்தது. சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"நான் சண்டை போட வந்திருக்கேன். பெயிண்டோட ஷேடு சரியா இருக்கான்னு பாக்கறவர் யாரு? அவரைக் கூப்பிடுங்க."

"கூப்பிட வேண்டாம்" என்றான் அவன், பெயிண்ட் சொட்டச் சொட்ட. "நான்தான்."

பரிசோதனைக்கூடம் மேல்மாடியில் இருந்தது. நீளமான மேஜைகள், கண்ணாடிக் குடுவைகள், ஜன்னலில் மழை. அவளுக்குக் கல்லூரி லேப் ஞாபகம் வந்து, சண்டையின் முதல் வரி மறந்துபோனது. இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. கடைக்குப் பின் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா தன் ஹாலுக்குச் சாம்பல் நிறம் வாங்கினார். பாதிச் சுவருக்கு முதல் டப்பா. மீதிக்குப் போன வாரம் வாங்கிய டப்பா. அதே நிறம், அதே நம்பர். ஆனால் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒரு பாதி சாம்பலாகவும் மறு பாதி ரோஸாகவும் தெரிந்தது. டீச்சரம்மா கடைக்கு வந்து ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டார். அப்பா தலை குனிந்து நின்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் கொண்டுவந்த இரண்டு டப்பாக்களிலும் மிச்சமிருந்த பெயிண்டை டப்பாவுக்கு ஒன்றாக இரண்டு அட்டைகளில் பூசி, தலைமுடி உலர்த்துகிற டிரையரால் காய வைத்தான். பிறகு உட்பக்கம் வெறும் சாம்பல் பூசிய ஒரு பெட்டிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்விட்சைத் தட்டினான்.

"இது பகல் வெளிச்சம். பாருங்க."

இரண்டும் ஒன்று.

அடுத்த ஸ்விட்ச். "இது கடைகள்ல இருக்கற டியூப் லைட்டு."

அப்போதும் இரண்டும் ஒன்று.

"உங்க டீச்சரம்மாவை ஒரு நல்ல கண் டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றான், பவ்யமாக.

"நான் பாத்தேங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்றாள். சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தான்தான் தப்பாகப் பார்த்தோமோ? கொஞ்ச நாளாக அவளுக்கு எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் தெரிகிறது. எது சரி, எது தப்பு, எதுவும் புரிவதில்லை. தன் கண்ணையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டோமே என்று தோன்றியது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டியையே முறைத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"மூணு ஸ்விட்ச் இருக்கே. மூணாவதைப் போடவே இல்லையே?"

அவன் காதைச் சொறிந்தான். "அது... வீட்டு பல்பு வெளிச்சம். மஞ்சளா வரும். பல்பு போயிடுச்சு. வேணும்னு கேட்டிருக்கேன்."

"எப்போ?"

"கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"டீச்சரம்மா ஹால்ல என்ன விளக்கு தெரியுமா? மஞ்சள் பல்பு! டியூப் லைட்டு கண்ணைக் குத்துதாம்!"

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் அவன் வெளியே ஓடினான். மேனேஜர் அறையில் மேனேஜர் இல்லை என்ற தைரியத்தில் மஞ்சள் பல்பு போட்ட அவருடைய மேஜை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். மற்ற விளக்குகளை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அதைப் போட்டான்.

ஒரு அட்டை சாம்பலாகவே இருந்தது. இன்னொன்று... யாரோ கேலி செய்துவிட்ட மாதிரி மெல்லச் சிவந்தது.

"ஐயோ..." என்றான் அவன்.

"பாத்தீங்களா!" என்று அவள் துள்ளினாள்.

"இந்த முறை நிறப்பொடி வேற கம்பெனியில வாங்கினாங்க. பகல்ல வித்தியாசமே தெரியல. இந்த வெளிச்சத்துலதான் குட்டு உடையுது. தப்பு எங்களோடது." கொஞ்சம் நிறுத்தினான். "இல்ல... என்னோடது. மூணாவது விளக்குல பாக்காமலே கையெழுத்துப் போட்டது நான்தான். உங்க அப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்."

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் வீண். தப்பு என்னுடையது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? மஞ்சள் வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள். மனசுக்குள் என்னவோ ஒன்று நழுவியது. அது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. அதனாலோ என்னவோ, அறிமுகமில்லாத யாரிடமும் கேட்காத கேள்வியை அவனிடம் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேரலாமா?"

விஷயம் இதுதான் என்று அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் மேற்படிப்புக்கும் இடம் கிடைத்திருந்தது, நிர்வாகப் படிப்புக்கும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று போய்விடும். அப்பாவுக்கு நிர்வாகம்தான் இஷ்டம். கடையைப் பெரிதாக்கலாம், மகள் கண் முன்னால் இருப்பாள். பாங்கில் வேலை பார்க்கும் அத்தையோ, "கெமிஸ்ட்ரியா? எங்கே, என் தலைவலிக்கு ஒரு மாத்திரை சொல்லு பாக்கலாம்" என்று கிண்டல் செய்தாள். சீனியர் அக்காக்களைக் கேட்டால், மருந்து கம்பெனியில் இருப்பவள் கண்ணை மூடிக்கொண்டு சேர் என்றாள். அதே படிப்பைப் படித்துவிட்டுக் கால் சென்டரில் போன் எடுப்பவள், பாழுங்கிணற்றில் குதிக்கிறதும் இதுவும் ஒன்று என்றாள். யார் பேச்சைக் கேட்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்துபோனது.

"வேண்டாம்" என்றான். "சேராதீங்க."

"ஏன்?"

"நாள் முழுக்க நின்னு நின்னு கால் போயிடும். ஒரு பல்பு கேட்டாலே யாரும் காதுல வாங்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் கூடப் படிச்சா மட்டும் என்ன ஆகிடும்? பேசாம அப்பா கடையைப் பாத்துக்குங்க. நிம்மதியா இருப்பீங்க."

அவள் நனைந்த குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் சொன்னது அவளுக்குச் சாதகமா, பாதகமா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் வலித்தது. முன்பின் தெரியாதவன் சொன்னது எதற்கு வலிக்க வேண்டும்? அந்தக் குழப்பம் வேறு தனியாகச் சேர்ந்துகொண்டது.

சொன்னபடியே அவன் புதன்கிழமை கடைக்கு வந்தான். புது டப்பாக்களைத் தானே வண்டியிலிருந்து இறக்கி, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான். ஹால் முழுக்கத் திரும்ப அடித்துத் தருவதாகச் சொன்னான். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"தம்பி, இந்தக் காலத்துல தப்பை ஒத்துக்கறவங்களைப் பாக்கறதே அபூர்வம். உக்காருங்க, டீ சாப்பிடுங்க."

அவன் டீயைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் ஆவியை மூக்குப் பக்கம் வீசினான். கல்லாவில் இருந்த அவள் சிரிப்பை மென்று முழுங்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தான். கடைக்குள் திடீரென்று காற்று கம்மியானது மாதிரி இருந்தது அவளுக்கு.

அங்கேதான் அப்பா காரியத்தைக் கெடுத்தார்.

"தம்பி, நீங்களே அந்தத் துறையில இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. இவ மேல கெமிஸ்ட்ரி படிக்கணுமா? படிச்சா வேலை இருக்கா?"

அவள் அவனையே பார்த்தாள். 'இப்பவாவது மாத்திச் சொல்லேன்... ஒரே ஒரு வார்த்தை...' என்று கண் கெஞ்சியது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிட்டேங்க. வேண்டாம்னு."

"கேட்டியா பாப்பா!" அப்பா தொடையைத் தட்டினார். "லேபுல இருக்கறவரே சொல்றார்!"

அவன் கிளம்பியபோது அவள் வாசல் வரை பின்னாலேயே போனாள். வழியனுப்ப அல்ல.

"உங்களை யாரு சாட்சிக்குக் கூப்பிட்டா?"

"உங்கப்பா கேட்டாரு. அதுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்க."

"சரி, இப்ப நான் இன்னொண்ணு கேக்கறேன். நீங்க ஏன் எம்.எஸ்ஸி. படிக்கல?"

தூறல் ஆரம்பித்திருந்தது.

"இடம் கிடைச்சுது. போகல."

"ஏன்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு... படிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்லைன்னு. நம்பிட்டேன்."

"அதே வார்த்தையை அப்படியே எடுத்துட்டு வந்து என் தலையில கட்டறீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நல்லாயிருக்குங்க உங்க நியாயம்! உங்களைப் போய்... உங்களைப் போய் நான்..."

மீதி வரவில்லை. வந்திருந்தாலும் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. உள்ளே போய்விட்டாள். அவன் மழையில் நின்றுகொண்டே இருந்தான். ரொம்ப நேரம் நின்றான் என்று கடைப் பையன்கள் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் அவள் மதில் மேல் பூனைதான். போனில் இரண்டு படிப்பின் பக்கங்களையும் மாற்றி மாற்றித் திறந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் சாதத்தை அளைந்தாள். "என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்று எரிந்து விழுந்தாள். படிப்பை நினைத்தால் அவன் ஞாபகம் வந்தது. அவனைத் திட்டலாம் என்று நினைத்தால், டீ ஆவியை மூக்குப் பக்கம் வீசிய அந்தக் கை ஞாபகம் வந்தது. இது என்ன கஷ்டம்!

மூன்று மணி வாக்கில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி கணவனோடு கடைக்கு வந்தாள். குழந்தை அறைக்கு இளம் பச்சை வேண்டுமாம்.

"இதோட வாசனை குழந்தைக்கு ஒத்துக்குமா? அடிச்ச பிறகு எவ்வளவு நாள் கழிச்சு உள்ள படுக்க வைக்கலாம்?"

"கம்பெனிக்காரங்க நல்லதுன்னுதாம்மா சொல்றாங்க" என்றார் அப்பா.

"அவங்க சொல்லுவாங்க. உள்ள என்ன இருக்கு?"

அப்பா மகளைப் பார்த்தார். மகள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். தெரிந்ததைச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாசனை முழுக்கப் போன பிறகு படுக்க வையுங்கள் என்றாள். ஆனால் அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. எது ஆவியாகிறது, எவ்வளவு நாள் ஆகிறது, சுவரில் எது தங்குகிறது... அந்தப் பெண் வயிற்றில் கை வைத்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்கு மட்டும் ஆறவில்லை. தெரியாது என்று சொல்லி விற்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்று தோன்றவில்லை. தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆசை அன்றைக்கு வந்ததும் அல்ல. வெகு நாளாய் உள்ளேயே இருந்திருக்கிறது. மற்றவர்கள் பேச்சு இரைச்சலில் அவளுக்குத்தான் கேட்கவில்லை.

"அப்பா, நான் கெமிஸ்ட்ரியே சேர்றேன்."

அப்பா கணக்கு மிஷினிலிருந்து நிமிர்ந்தார். "அந்த லேப் தம்பியே வேண்டாம்னாரே?"

"அது அவர் கதைப்பா. வேலை கிடைக்குமான்னு எனக்கும் தெரியாது. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தக்கா கேட்டதுக்குப் பதில் தெரியாம என்னால இந்தக் கல்லாவுல உக்கார முடியாது."

"கடையை யாரு பாத்துப்பாங்க?"

"சாயங்காலம் நான் வர்றேன். கடையை விட்டு எங்க ஓடிடப் போறேன்?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஆசை இடிந்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் அவளைத்தான் பார்த்தார். "டீச்சரம்மா கத்தினப்போ நான் வாயடைச்சு நின்னேன். நீதான் டப்பாவைத் தூக்கிட்டுப் போனே..." என்றார். குரல் கரகரத்தது. "சரி, பட்டனை அமுக்கு. நேரம் ஆகுது பாரு."

அமுக்கினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மழையைக் கிழித்துக்கொண்டு ஒருவன் கடை வாசலுக்கு ஓடி வந்தான். குடை இல்லை. கோட்டில் அந்தச் சாம்பல் கறை இன்னும் போகவில்லை. மூச்சு வாங்கியது.

"படிங்க!" என்றான், படி ஏறுவதற்கு முன்பே. "தயவுசெஞ்சு படிங்க! நான் சொன்னது தப்பு. இன்னும் நேரம் இருக்கு... போனை எடுங்க..."

"சேந்தாச்சு" என்றாள் அவள்.

"என்னது?"

"கெமிஸ்ட்ரி. சேந்தாச்சு. நீங்க சொல்றதுக்குள்ளயே."

அவன் அப்படியே வாசலில் நின்றான். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து, தன் வீட்டு வாசலிலேயே பஸ் நிற்பதைப் பார்த்தவன் போல விழித்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"இதைச் சொல்லவா மழையில ஓடி வந்தீங்க?"

"ஆமா. நீங்க வந்தீங்களே, அன்னைக்குக் காலையிலதான் லேப் தலைமைப் பதவியை வெளியாளுக்குக் குடுத்துட்டாங்க. எம்.எஸ்ஸி. படிச்சவருக்கு. அந்தக் கடுப்புல ஓடி வந்துதான் உங்க மேல மோதினேன். நீங்க கேட்டப்போ அந்தக் கடுப்புதான் பேசிச்சு. படிப்பு வேணாம்னு நான் நினைக்கவே இல்ல... அந்தப் பதவி எனக்குக் கிடைக்கலையேங்கற ஆத்திரம். ஒரே வெளிச்சத்துல பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். மறுபடியும் அதே தப்பு."

"அப்பாகிட்டயும் ஏன் அப்படியே சொன்னீங்க?"

"சொன்னதை மாத்திக்க வீம்பு. பெயிண்டு விஷயத்துல வராத வீம்பு, இதுல வந்துடுச்சு."

ஒத்துக்கொள்கிறான். இவனிடம் இதுதான் தொல்லை... ஒத்துக்கொண்டுவிடுகிறான்.

"இன்னொண்ணு" என்றான், காதைச் சொறிந்துகொண்டு. "நானும் விண்ணப்பிக்கப் போறேன். சாயங்கால வகுப்பு. அடுத்த வருஷம்."

"அப்போ எனக்கு ஜூனியரா?" அவள் கண்கள் பளிச்சென்றன. "ஜூனியர் பசங்க சீனியரை அக்கான்னுதான் கூப்பிடணும். தெரியுமில்ல?"

"அது மட்டும் முடியாது."

"ஏனாம்?"

"முடியாதுன்னா விடுங்களேன்."

"காரணம் சொல்லுங்க. கெமிஸ்ட்ரி படிச்சவர் காரணம் இல்லாம பேசக் கூடாது."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அப்பா கணக்கு மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார், காதை மட்டும் வெளியே வைத்துவிட்டு. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னைக்கு மழையில நீங்க 'நாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அப்போலேர்ந்து எனக்கு வேலை ஓடல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்போ சொல்லுங்க, அக்கான்னு எப்படிக் கூப்பிடுவேன்?"

அவள் காதுக்குள் ரத்தம் குப்பென்று ஏறியது. அவன் கோட்டின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து, டியூப் லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தினாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வெளியே இழுத்து வந்து, வாசலில் அப்போதுதான் எரியத் தொடங்கிய மஞ்சள் பல்பின் கீழே நிறுத்தினாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சும்மா இருங்க. ஷேடு பாக்கறேன்."

"...எப்படி?"

"ரெண்டு வெளிச்சத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க. அசடு வழியறதுகூட அப்படியே இருக்கு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பகல் வெளிச்சத்துல மட்டும் இன்னொரு தடவை பாக்கணும். நாளைக்குக் காலையில வர்றீங்களா?"

"வர்றேன். பாத்து முடிச்சதும்?"

"கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் மழைக்குள் இறங்கினான். நாலடி போய்த் திரும்பினான். "அப்போ உங்களுக்குக் குழப்பம் எல்லாம் தீந்துடுச்சா?"

"எங்க தீந்துது?" என்றாள் அவள். "வேலை கிடைக்குமா, பரீட்சையில தேறுவேனா, அப்பா தனியா கடையைச் சமாளிப்பாரா... எல்லாத்துலயும் குழப்பமாத்தான் இருக்கு." கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "உங்களைப் பிடிச்சிருக்கறதுல மட்டும் இல்ல."